பெட்டியைப் பார்த்து மாத்திரை விழுங்கியவர்

என் அக்கா புருஷன் தனுஷ்கோடி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போகாமலே நின்றுவிட்டார். பத்திரிகை வைக்க வந்தவர்கள் வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். இவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பத்திரிகையின் மேல் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"பிள்ளையார் தும்பிக்கை இங்கன இருக்கு, தும்பிக்கையோட செவப்பு அங்கன இருக்கு. பத்திரிகையிலயே ஒட்டாத ரெண்டு, மணவறையில எப்படி ஒட்டும்?"

அந்த வீட்டோடு எங்களுக்கு இன்றுவரை பேச்சு இல்லை.

அவர் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் நாலு கலர் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நாலு மையும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை விலகாமல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் ரிஜிஸ்டர் சரி என்பார்கள். விலகினால் காலண்டர் லட்சுமிக்கு நாலு உதடு தெரியும். மச்சானுக்கு உலகத்தில் நல்லது கெட்டது என்று இருப்பதெல்லாம் இந்த ஒன்றுதான். சோப்பு வாங்கினாலும் உறையைப் பார்ப்பார், பிஸ்கட் வாங்கினாலும் உறையைப் பார்ப்பார். தேர்தல் வந்தால், எந்தப் போஸ்டரில் வேட்பாளர் முகம் மஞ்சள்காமாலை பிடிக்காமல் இருக்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு. இதனால் தொகுதிக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் வந்துவிடவில்லை. மற்றவர்கள் யோசித்துப் போட்டதிலும் அதே ஆள்தான் வந்தார்.

அந்தப் பிரஸ்ஸில் காலண்டர் ஓடும், பட்டாசுப் பெட்டி ஓடும், மருந்துக் கம்பெனிகளுக்கு மாத்திரைப் பெட்டியும் ஓடும். கதை அந்த மாத்திரைப் பெட்டியில்தான் இருக்கிறது.

வலி இடுப்பில் ஆரம்பித்தது. பங்குனி வெயிலில் ஒருநாள் பேப்பர் கட்டைத் தூக்கி மிஷினில் ஏற்றும்போது சுருக்கென்றதாம். பிறகு தொடைக்கு இறங்கியது. கெண்டைக்காலில் குடிவந்தது. கடைசியில் இடது கால் பெருவிரலில் உள்வாடகைக்கு ஆள் வைத்தது. ஆமத்தூரிலிருந்து தினமும் என் லோடு ஆட்டோவில் முன்சீட்டில் ஏறி வருகிறவர், ஏறுவதற்கே மூன்று தடவை முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். இறங்குவதற்குத் தனியாக வேறு சாமி.

மிஷின்மேன் வேலை நின்று பார்க்கிற வேலை. தாள் ஓடும்போது கண்ணை எடுக்க முடியாது, காலையும் எடுக்க முடியாது. முதலாளி தங்கப்பாண்டியன் அண்ணாச்சி இதைக் கவனித்துவிட்டார். அண்ணாச்சி நல்ல மனுசர். கெட்ட முதலாளி என்றால் சண்டை போடலாம். நல்ல முதலாளியிடம் என்ன செய்வது?

"தனுஷ்கோடி, நீங்க எதுக்குய்யா இம்புட்டு சிரமப்படணும்?" என்றார். "கேட்டுக்குப் பக்கத்துல, வேப்பமரத்தடியில ஒரு சேர் போட்டுத் தாரேன். வர்ற வண்டி போற வண்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க. காத்து நல்லா வரும்."

அந்த வேப்பமரத்தடியில் ஏற்கனவே ஒரு சேர் கிடந்தது. அதில் சோலைச்சாமி உட்கார்ந்திருக்கிறார். ஒரு காலத்தில் ரெண்டு கலர் மிஷின் ஓட்டியவர். அவர் திட்டினால் ஹெல்ப்பர் பையன்கள் கழிவறையில் ஒளிந்துகொள்வார்கள். இப்போது என் லோடு ஆட்டோ நுழைந்தாலே எழுந்து சல்யூட் அடிக்கிறார். என் ஆட்டோவுக்கு! மச்சானுக்கு வலியைவிட அந்தச் சல்யூட்தான் பயம். ஆடி பிறந்தால் காலண்டர் சீசன். அதற்குள் இடுப்பு நிமிர வேண்டும். நிமிராவிட்டால் வேப்பங்காற்று.

டாக்டர் தேடினோம்.

எங்கள் பக்கத்தில் டாக்டர் தேட வேண்டிய அவசியமே கிடையாது. வலி என்று வாயைத் திறந்தால் போதும். இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார். "எங்கன காட்டுனீக?" இதுதான் முதல் கேள்வி. எங்கே காட்டியிருந்தாலும் அது தப்பு. "அய்யய்யோ, அங்கனயா? அவரு எங்க சித்தப்பாவ முடிச்சு அனுப்பிட்டாருல்ல!" என்று ஆரம்பித்து, தங்கள் டாக்டரின் பெருமையைச் சொல்வார்கள். குலசாமியைப்பற்றிக்கூட அவ்வளவு நேரம் பேச மாட்டார்கள்.

முதல் டாக்டரை டீக்கடைக்காரர் சொன்னார். சிவகாசியிலேயே ஒரு சந்துக்குள் இருந்தார். பேச்சே கிடையாது. உட்கார்ந்தால் ஊசி, எழுந்தால் சீட்டு. அந்தச் சீட்டுக்கு மருந்துக்கடையில் பச்சைப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். மச்சான் மாத்திரையைப் பார்க்கவில்லை. லென்ஸை எடுத்துப் பெட்டியைப் பார்த்தார்.

"பரவால்ல மாப்ள. ரிஜிஸ்டர் சுத்தம். ஆனா பச்சை கொஞ்சம் தூக்கல்."

அந்தப் பச்சை தூக்கலாக இருந்ததால் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது டாக்டரை லாரி ஆபீஸ் காசிராஜன் சொன்னார். மதுரையில், ஏசி ஆஸ்பத்திரி. முதலில் ஸ்கேன், பிறகு இரத்தம், பிறகு மறுபடி ஏதோ ஒரு ஸ்கேன். கடைசியில் டாக்டர் வந்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். படத்துக்குச் சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்திருப்பதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. நடு முதுகுக்குக் கீழே தட்டு விலகியிருக்கிறது என்று படத்திடமே சொன்னார்.

மச்சானுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவரும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிரிண்டுலே! ஒரே கறுப்பு, ஆனா எத்தனை டோன் பாத்தியா!"

இன்றும் அந்த ஸ்கேன் படம் அவர் வீட்டு ஜன்னலில் தொங்குகிறது. காலை வெயிலுக்கு அவர் முதுகெலும்பு தரையில் விழும். அந்த டாக்டர் எழுதியது நீலப் பெட்டி. மினுமினுப்பு வார்னிஷ் போட்டது.

மூன்றாவது அண்ணாச்சி சொன்ன டாக்டர். சாத்தூரில் இருந்தார். அண்ணாச்சி வீட்டம்மாவின் கழுத்து வலியைத் தீர்த்தவர் என்பதால் அங்கே போகாவிட்டால் மரியாதைக் குறைவு. அவர் எழுதியதுதான் தங்கப் பெட்டி. எழுத்து முழுக்கத் தங்க ஃபாயில். எம்போஸ் வேறு; தடவினால் எழுத்து புடைத்து விரலில் நிற்கும். மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவருடைய பிரஸ்ஸில், அவர் மிஷினில் ஓடிய பெட்டி.

"பெட்டிக்கே இம்புட்டுச் செலவு பண்றவன், உள்ள இருக்க மருந்துக்கு எம்புட்டுப் பண்ணியிருப்பான்!"

பெட்டிக்கு எவ்வளவு செலவாகும் என்று அந்த ஊரிலேயே சரியாகத் தெரிந்தவர் இவர்தான். ஆனாலும் இப்படிச் சொன்னார். அல்வாக் கடைக்காரர் வீட்டில் அல்வாவை நம்ப மாட்டார்கள். அச்சடிக்கிறவர் மட்டும் தான் அடித்ததைத் தானே நம்புகிறார்.

சாத்தூர் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்விதான். "இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது காட்டினீங்களா? ஏதும் மாத்திரை எடுக்கிறீங்களா?"

"இல்லீங்க. நேரா ஒங்ககிட்டதான் வாரேன்" என்றார் மச்சான், கண்ணைச் சிமிட்டாமல். மடியில் மஞ்சப் பை. பைக்குள் பச்சையும் நீலமும்.

வெளியே வந்ததும் கேட்டேன். "எதுக்கு மச்சான் பொய்?"

"பொய்யா? ஏலே சிவபாண்டி, நீயும் பிரஸ்ஸுக்குத்தானே லோடு அடிக்க! ஒரு கம்பெனி டிசைன இன்னொரு கம்பெனிக்குள்ள கொண்டுபோய்க் காட்டுவாகளா? தொழில் தர்மம்னு ஒண்ணு கெடையாதா?"

அவர் சொன்னது எங்கள் ஊரில் நிஜமான வழக்கம். ஆடிப் பதினெட்டு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுகிற வரைக்கும், இந்தப் பிரஸ்ஸில் எந்த முருகன் ஓடுகிறார் என்று அடுத்த பிரஸ்காரருக்குத் தெரியக் கூடாது. வேஸ்ட் தாளைக்கூட எண்ணித்தான் வெளியே விடுவார்கள். ஒருவருடைய சாம்பிளை இன்னொருவரிடம் காட்டினான் என்று பெயர் வாங்கியவனுக்கு அப்புறம் ஊருக்குள் வேலை இல்லை. மச்சான் முப்பது வருசம் சுத்தமாக இருந்தவர். டாக்டர்கள் விசயத்திலும் சுத்தமாக இருந்தார்.

"அது பிரஸ்ஸு மச்சான். இது ஒங்க இடுப்பு."

"எல்லாம் ஒண்ணுதான். வண்டிய எடு."

மூன்று டாக்டர்களும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றுதான் எழுதியிருந்தார்கள். மச்சான் யார் மனதையும் நோகடிக்கவில்லை. காலையில் மூன்று பெட்டியிலிருந்தும் ஒவ்வொன்று, ராத்திரி மூன்று பெட்டியிலிருந்தும் ஒவ்வொன்று. தீர்ந்தால் காலிப் பெட்டியை மருந்துக்கடையில் காட்டுவார், கொடுத்துவிடுவார்கள். ஒரே கடையில் மூன்றையும் வாங்க மாட்டார். தொழில் தர்மம் மருந்துக்கடைக்கும் உண்டு.

வலி ஓடிவிட்டது. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே ஓடிவிட்டது. ஆடியில் மனிதர் மிஷின் முன்னால் கொடிக்கம்பம் மாதிரி நின்றார். என் ஆட்டோவில் எந்தச் சாமியையும் கூப்பிடாமல் ஏறினார். அண்ணாச்சி வேப்பமரப் பேச்சையே எடுக்கவில்லை. இவரோ இப்போது ஊருக்கே டாக்டர் தேடிக் கொடுக்க ஆரம்பித்தார். "எங்கன காட்டுனீக?" என்று வழியில் போகிறவரை நிறுத்திக் கேட்டார். கேட்டில் உட்கார்ந்திருந்த சோலைச்சாமியிடம் போய், "அப்பவே தங்கப் பெட்டி சாப்பிட்டிருந்தா இந்தச் சேருல உக்காந்திருப்பீகளா?" என்று விசாரித்துவிட்டு வந்தார். சோலைச்சாமி எழுந்து அவருக்கும் ஒரு சல்யூட் அடித்தார். அது மரியாதைக்கு அடித்ததா என்று எனக்குச் சந்தேகம்.

ஆவணியில் கால் வீங்கியது. முதலில் பார்த்தது அக்காதான். பொன்னுத்தங்கம் அக்கா பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடைக்கிற வேலை பார்க்கிறவள். ஒரு பெட்டியைக் கையில் எடுத்தாலே கூடவா குறைவா என்று சொல்லிவிடுவாள்.

"என்னங்க, காலு பன்னு கணக்கா உப்பிக் கெடக்கு!"

"நிக்கிற காலு உப்பத்தான் செய்யும். உக்காந்து திங்கிறவனுக்கா உப்பும்?"

"சோறும் எறங்க மாட்டேங்கு. காலையில வாந்தி வேற."

"மை வாசம்."

"முப்பது வருசமா இல்லாத வாசமா?"

"இது புதுக் கம்பெனி மை. ஒனக்கு என்ன தெரியும்?"

எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பதில் இல்லாமல் போனது புரட்டாசியில், ஒரு லட்சுமியிடம். பெரிய ஆர்டர், ஜவுளிக்கடைக் காலண்டர். மச்சானுக்குத் தலை கிறுகிறுவென்றிருக்கிறது, கண்ணில் புகை மாதிரி. தாள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஹெல்ப்பர் வந்து கையைப் பிடித்து நிறுத்தியபோது அடுக்கி முடிந்த தாள் இடுப்பு உயரம் இருந்தது. மேல் தாளை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். லென்ஸே தேவைப்படவில்லை. வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது.

லட்சுமிக்கு நாலு உதடு.

அண்ணாச்சி வந்து பார்த்தார். தாளைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது வேப்பமரத்தடியில் சோலைச்சாமி சேருக்குப் பக்கத்தில் இன்னொரு சேர் கிடந்தது. புது ஒயர் பின்னியிருந்தது. பச்சையும் மஞ்சளும்.

மச்சான் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை.

"மாப்ள, திருப்பு. கண்ணு டாக்டர்கிட்ட போகணும். கண்ணுலதான் ஏதோ கோளாறு."

வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அக்கா வேலைக்குக் கிளம்பி வாசலில் நின்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பெரிய பையோடு வந்து பின்னால் ஏறிக்கொண்டாள்.

"கண்ணும் இல்ல, காதும் இல்ல. தம்பி, விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்கு விடு."

"அங்கன எதுக்கு? அங்கன பெட்டியே கெடையாது, காக்கிக் கவருல போட்டுத் தருவாக!"

"தரட்டும்."

ஆஸ்பத்திரியில் வரிசை. வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பி, "எங்கன காட்டுனீக?" என்றார். பின்னால் நின்றவர் நாங்கள் சொல்வதற்கு முன்னாலேயே "அய்யய்யோ" என்றார். எங்கள் முறை வந்தபோது உள்ளே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார், ஸ்ரீமதி என்று பெயர்ப் பலகை. மச்சானுடைய காலை அவர் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. அவர் முகம் மாறியது.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கய்யா?"

மச்சான் கூரையைப் பார்த்தார்.

"சும்மா சொல்லுங்க. யாரும் அடிக்க மாட்டாங்க."

தொழில் தர்மம் அவர் வாயைக் கட்டியிருந்தது. அக்காவுக்கு அந்த தர்மம் எதுவும் கிடையாது. பையைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தாள். பச்சை, நீலம், தங்கம் என்று காலிப் பெட்டிகள் கொட்டின. மச்சான் ஒன்றையும் தூரப்போடவில்லை; மடங்காமல் பிரித்து, தட்டையாக அடுக்கி வைத்திருந்தார். நாலைந்து தரையில் விழ, தலை கிறுகிறுத்த மனிதர் குனிந்து பொறுக்கினார்.

"இதுல எது சாப்பிடுறாரு?"

"எல்லாத்தையுந்தாம்மா. ஒரு கம்பெனிக்கும் வஞ்சகம் பண்றதில்ல."

டாக்டரம்மா நிறத்துக்கு ஒன்றாக மூன்று பெட்டியை எடுத்து வரிசையாக வைத்தார்.

"அய்யா, இது மூணும் ஒரே மருந்து. கம்பெனிப் பேரு மட்டும்தான் வேற."

மச்சான் சிரித்தார். பாவம், படித்த பிள்ளைக்கு இது தெரியவில்லையே என்கிற சிரிப்பு. "அதெப்படிம்மா? இது வெறும் வார்னிஷு. இது மினுமினுப்பு. இது ஃபாயிலு, எம்போஸு. இத அடிச்சதே நான்தான். எப்படி ஒண்ணாகும்?"

"நீங்க பெட்டியையா முழுங்குறீங்க?"

"விட்டா முளுங்குவாக" என்றாள் அக்கா.

இரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் முடிவு வந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. ஒரு ஆள் சாப்பிட வேண்டியதுபோல மூன்று மடங்கு போயிருக்கிறது, சிறுநீரகம் தாங்கவில்லை, அதனால்தான் வீக்கம், வாந்தி, கிறுகிறுப்பு என்றார். "இப்ப நிறுத்தினா திரும்ப வர வாய்ப்பு இருக்கு. இப்படியே ஓட்டினா வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் இங்க மெஷின்ல படுத்து இரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். வேற வழி கிடையாது."

மச்சான் அந்த மூன்று பெட்டியையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார். பிறகு தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி சொன்னார். "ஒரே கறுப்ப ஒரே தாளுல மூணு தடவை ஏத்துனா காயாது. தாளும் தாளும் ஒட்டிக்கிரும். பூராம் வேஸ்ட்டு."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா.

மூன்று பெட்டியையும் நிறுத்தச் சொன்னார். வலிக்கு ஒரு வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு நரம்புக்கு ஒன்று, இதைத் தவிர எவர் கொடுத்தாலும் கூடாது. கீழே போனால் முதுகுக்குப் பயிற்சி சொல்லித்தருவார்கள். வேலையில் ஒரேயடியாக நிற்கக் கூடாது, நடுநடுவே உட்கார வேண்டும்.

"எப்பம்மா பூராம் சரியாகும்?"

"பூராவும் போகாதுய்யா. பாதி குறையும். பாதியோட வேலை பாத்துக்கலாம்."

இது மச்சானுக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று. "மூணு டாக்டரு குடுத்ததுல பூராம் ஓடிருச்சு. இந்தப் பிள்ளை பாதிதான் தருவேங்குது. பாதி டாக்டரு போலருக்கு!" என்று ஆமத்தூர் வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

வீட்டில் காக்கிக் கவரைப் பிரித்தார். வெறும் அட்டை. பெட்டி கிடையாது, நிறம் கிடையாது. வெள்ளித் தாளில் ஒற்றைக் கறுப்பு எழுத்து. லென்ஸை வைத்தார்.

"எழுத்து கோணிக்கிட்டு நிக்கி. மை ஒரு பக்கம் கொளகொளன்னு, ஒரு பக்கம் வத்திப்போய். இத அடிச்சவனுக்கே இது என்னன்னு தெரியாது. இதப்போய் வயித்துக்குள்ள விடவா?"

விடவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பச்சை, நீலம், தங்கம் என்று மிச்சமிருந்த பெட்டிகளை எல்லாம் அக்கா அடுப்பில் போட்டுவிட்டாள். மாத்திரை இல்லாமல் இரண்டு மூன்று நாளில் வலி தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தது. உள்வாடகைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தது. பாயிலிருந்து எழ முடியவில்லை. பிரஸ்ஸுக்கு லீவு சொல்லியாயிற்று. புது ஒயர்ச் சேர் காத்துக்கொண்டிருந்தது.

அக்கா தண்ணி பிடிக்கப் போன நேரம் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"மாப்ள, தங்கப் பெட்டி ஒண்ணே ஒண்ணு. சாத்தூருல வாங்கிட்டு வந்துரு. அவளுக்குத் தெரிய வேணாம்."

"கிட்னி போயிரும்னு சொன்னாகள்ல?"

"கிட்னி ரெண்டு இருக்குலே. மிஷினு ஒண்ணுதான்."

நான் வாங்க மாட்டேன் என்றேன். அக்கா பேரைச் சொல்லித் தப்பித்தேன். அவள் குடத்தோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். குடத்தை இறக்கினாள். நேரே கண்ணாடி அலமாரிக்குப் போனாள்.

அந்த அலமாரியில் கப்பு இல்லை, பொம்மை இல்லை. ஒரே ஒரு புஸ்வாணப் பெட்டி. காலிப் பெட்டிதான். பெட்டி முழுக்க மயில். தோகையில் ஒவ்வொரு கண்ணும் தங்க ஃபாயிலில் புடைத்து நிற்கிற எம்போஸ், கழுத்து நீலம் அப்படியே உயிரோடு. மச்சான் அடித்ததிலேயே அதுதான் உச்சம். அண்ணாச்சி அவர் தோளில் தட்டியது வாழ்க்கையிலேயே அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அக்கா அந்த உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

"ஏ ஏ ஏ! பொன்னு! கையில எண்ணெய் இருக்கு!"

அவள் காதில் வாங்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டைகளை உருவினாள். பெட்டிக்குள் அடுக்கினாள். அவள் வேலையே அதுதானே, ஒரு நொடியில் அடைத்து மூடியாயிற்று. கொண்டுவந்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க. ரிஜிஸ்டர் சரியா இருக்கா?"

மச்சான் பெட்டியில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

"லென்ஸு வச்சுப் பாருங்க. ஒங்க கையால அடிச்ச பெட்டி. இதுக்குள்ள இருக்கதையும் நம்ப மாட்டீகன்னா, இத அடிச்ச ஆளு சரியில்லன்னு அர்த்தம். அப்ப வேப்பமரத்தடிக்கே போயிருவோம். நானே கொண்டுவந்து விடுறேன்."

அவர் பெட்டியை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் மயில் தோகையைத் தடவினார். பிறகு மூடியைத் திறந்து, அக்கா குடத்திலிருந்து மொண்டு கொடுத்த தண்ணீரை வாங்கி, ஒரு மாத்திரையை விழுங்கினார். கசப்பு மருந்து குடித்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"எறங்குது" என்றார்.

அதற்கப்புறம் ஒரு வேளை தவறவில்லை. மயில் பெட்டியைத் திறப்பதற்காகவே நேரம் பார்த்துக் காத்திருந்தார். பயிற்சியும் செய்தார்; பாயில் மல்லாந்து படுத்து ஒவ்வொரு காலாகத் தூக்குவதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து கூட்டமாக நின்று பார்த்தன. அந்தப் பிள்ளைகளை அவர் திட்டிய திட்டில்தான் உடம்பு தேறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. வீக்கம் வடிந்தது. சோறு இறங்கியது. வலி இருந்தது, ஆனால் பழைய மாதிரி சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து முணுமுணுத்தது.

ஐப்பசி பிறந்ததும் பிரஸ்ஸுக்குப் போனார். கேட்டில் நின்று அந்தப் புது ஒயர்ச் சேரைத் தூக்கினார். தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து கீழே வைத்தார். என்னைத் தூக்கச் சொன்னார். நேரே அண்ணாச்சியிடம்.

"அண்ணாச்சி, எனக்குன்னு போட்ட சேருதானே இது? இத மிஷினுக்குப் பக்கத்துல போட்டுக்கிருதேன்."

அண்ணாச்சி திகைத்தார். "மிஷின் பக்கத்துலயா? மிஷின்மேன் உக்காந்திருந்தா வர்ற பார்ட்டி என்னய்யா நெனைப்பாக?"

"தாளப் பாக்கச் சொல்லுங்க. என்னைய எதுக்குப் பாக்காக?"

சீசன் நேரம், வேறு ஆளும் இல்லை. தீபாவளி வரைக்கும் பார்ப்போம் என்றார் அண்ணாச்சி. நல்ல மனுசர்தான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னார். மச்சான் திறந்தார். உள்ளே மயில் பெட்டி.

"பட்டாசு!" என்று செக்யூரிட்டி கத்தினார்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இது எங்கள் ஜில்லா. மேல்மாடியில் தீக்காய வார்டு இருக்கிறது. அங்கே யாராவது ஒருவரைப் பார்த்து வராத குடும்பம் அந்த வரிசையில் இருந்திருக்காது. அம்புட்டுக் கூட்டமும் ஒரு சத்தம் இல்லாமல் விலகியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்கள். நடுவில் மச்சான், கையில் பெட்டியோடு.

"பட்டாசு இல்லய்யா! மாத்திரை! மாத்திரை!" என்று மூடியைத் திறந்து எல்லார் பக்கமும் காட்டினார். கோணல் எழுத்து வெள்ளை அட்டைகள். ஒரு கிழவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலேய், எடுபட்ட பயலே, உசுரு போயி உசுரு வந்துச்சு" என்றாள். அப்புறம்தான் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துத் திரும்பவும் வரிசை சேருவதற்குள் அக்கா எங்களை முன்னால் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரம்மா பெட்டியைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் நீளும் என்று தெரிந்திருக்கும். இரத்தச் சோதனைத் தாள் வந்தது. மச்சான்தான் முதலில் வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார்.

"மையே ஏறலயே இதுல! புள்ளி எங்கன இருக்குன்னு கண்டுபிடிக்க முடியல."

"கிட்னி அளவு ஒண்ணு புள்ளி நாலு" என்றார் டாக்டரம்மா. "போன தடவை மூணைத் தொட்டுச்சு. நல்லா இறங்கியிருக்கு. இதே மாதிரி இருந்தா மெஷின்ல படுக்க வேண்டியதில்ல."

மச்சான் சட்டைப்பையில் கையை விட்டார். லென்ஸை எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கையை வெளியே எடுத்து, தாளை நாலாக மடித்து, மயில் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"பிரிண்டு மோசம்தான்" என்றார். "நம்பரு நல்லாருக்கு."

வெளியே வரும்போது அதே செக்யூரிட்டி ஓரமாக வந்து நின்றார். காலையிலிருந்து நிற்கிற மனிதர், இடுப்பில் கையை ஊன்றியிருந்தார்.

"அண்ணே, எனக்கும் முதுகு பின்னுது. மாத்திரை நல்லாக் கேக்குதா? ஒண்ணு ரெண்டு குடுங்களேன், போட்டுப் பாக்கேன்."

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் மச்சான் மூன்று டாக்டர் பெயரும் சொல்லி, ஒரு அட்டையும் கிழித்துக் கொடுத்திருப்பார். இப்போது பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஒரு மாத்திரை தர முடியாது. உள்ள ஒரு டாக்டரம்மா இருக்கு. வரிசையில நின்னு போய்ப் பாருங்க. இதுக்கு முன்னாடி எங்கெங்க காட்டுனீக, என்னென்ன முளுங்குனீகன்னு ஒண்ணு விடாமச் சொல்லிருங்க."

"சரிண்ணே" என்று அவர் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார்.

மச்சான் சட்டென்று பின்னால் நகர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார்.

"தொடாதீக. எம்போஸு அமுங்கிரும்."